பழைய டியூப் டிவியில் கம்ப்யூட்டர் படத்தை வரவைப்பது எப்படி

2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கும் மேல். அதற்கு முன்பே சொந்தக் காசில் வாங்கிய ஒனிடா, வீடியோகான், பிபிஎல், சாலிடேர் பெட்டிகளும் ஏராளம். அவற்றில் பல இன்னும் நன்றாக ஓடுகின்றன. சில வீடுகளில் மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அந்தப் பெட்டியில் லேப்டாப்பையோ மேசைக் கம்ப்யூட்டரையோ இணைத்துப் பழைய படங்கள், யூடியூப் பாடங்கள், குடும்ப வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்க்க முடியும். செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் என்ன வாங்குவது என்று தெரியாமல் கடைக்குப் போனால் அந்தச் சில நூறும் வீணாகும். அதனால் இந்தக் கட்டுரையில் இணைப்பதைவிட, இணைப்பதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் டிவியின் பின்பக்கம்

டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் கால டியூப் டிவிகளில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். ஆன்டெனா அல்லது கேபிள் வயர் சொருகும் வட்டமான உலோக சாக்கெட் ஒன்று. அதன் அருகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வளையம் போட்ட சின்ன சாக்கெட்டுகள். கடைக்காரர்கள் இதை ஏவி பின் என்பார்கள். மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது சத்தம், சிவப்பு வலது சத்தம். ஒரே ஸ்பீக்கர் உள்ள 14 அங்குலப் பெட்டிகளில் சிவப்பு இருக்காது, மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். அது குறை அல்ல, அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு வரிசை ஏவி பின்கள் இருந்தால் கவனமாகப் பாருங்கள். ஒரு வரிசையில் 'இன்' என்றும் இன்னொன்றில் 'அவுட்' என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். நமக்கு வேண்டியது 'இன்'. 'அவுட்' என்பது டிவியிலிருந்து வெளியே அனுப்பும் வழி. அதில் சொருகிவிட்டு மணிக்கணக்கில் படம் வரவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர். சில டிவிகளில் முன்பக்கமோ பக்கவாட்டிலோ சின்ன மூடிக்குள் இன்னொரு ஏவி இருக்கும். முன்பு வீடியோ கேம் சொருகிய இடம் அதுதான். அடிக்கடி மாட்டிக் கழற்றுவதென்றால் அதுவே வசதி.

ஏவி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. டிவியில் இப்போது செட்டாப் பாக்ஸ் எப்படி இணைந்திருக்கிறது? மூன்று வண்ணத் தலையுள்ள வயரில் என்றால், உங்கள் டிவியில் ஏவி இன் இருக்கிறது, வேலையும் செய்கிறது. அதே வழியில்தான் கம்ப்யூட்டர் படமும் போகப் போகிறது.

சற்றுப் பெரிய டிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று தனியாக மூன்று சாக்கெட்டுகள் இருக்கும். அது காம்பொனென்ட், மூன்றுமே படத்துக்கு மட்டும். அதையும் ஏவியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான்கு சின்ன ஓட்டைகள் உள்ள உருண்டையான கறுப்பு சாக்கெட் இருந்தால் அது எஸ்-வீடியோ. ஏவியைவிடக் கொஞ்சம் தெளிவான படம் தரும், ஆனால் சத்தம் அதில் வராது.

அடுத்து கம்ப்யூட்டர்

இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ இருக்கும். தட்டையாக, கீழ்ப்பக்க இரண்டு மூலைகளும் சாய்ந்து குறுகியிருக்கும் சாக்கெட். 2010-ஐ ஒட்டிய கம்ப்யூட்டர்களில் விஜிஏ இருக்கும். மூன்று வரிசையில் பதினைந்து ஓட்டைகள், இருபக்கமும் திருகு. மெலிதான புதிய லேப்டாப்புகளில் இரண்டும் இல்லாமல் யுஎஸ்பி-சி மட்டும் இருக்கலாம். அதிலிருந்து எச்டிஎம்ஐக்கு அடாப்டர் கிடைக்கும், ஆனால் எல்லா யுஎஸ்பி-சி சாக்கெட்டும் படம் அனுப்பாது. சார்ஜ் ஏற்றவும் ஃபைல் மாற்றவும் மட்டுமே ஆனவையும் உண்டு. வாங்கும் முன் உங்கள் மாடலின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளே போர்ட்' என்ற சொல் அந்த சாக்கெட்டுக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள்.

2000-களின் லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு சிலவற்றில் எஸ்-வீடியோ அவுட் இருந்தது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டிவிக்கு ஏற்ற சிக்னலை அதுவே தயாரித்து அனுப்பிவிடும். எஸ்-வீடியோவிலிருந்து மஞ்சளுக்கு மாற்றும் ஒரு சின்ன வயர், சத்தத்துக்கு ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து வெள்ளை-சிவப்புக்கு ஒரு வயர், அவ்வளவுதான்.

எந்தக் கேபிள் வேலை செய்யாது, ஏன்

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு, நடுவில் வெறும் வயர். இப்படி ஒரு கேபிள் கடைகளிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பார்த்தால் நமக்கு வேண்டியது அதேதான் என்று தோன்றும். லேப்டாப்பையும் டியூப் டிவியையும் இணைக்க அது உதவாது.

காரணம் எளிது. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் தகவல். டியூப் டிவிக்கு வேண்டியது ஏற்ற இறக்கமாக ஓடும் அனலாக் மின் அலை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். வெறும் செம்புக் கம்பி எதையும் மாற்றாது.

விஜிஏவிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. விஜிஏவும் அனலாக்தான். ஆனால் நம் ஊர் டியூப் டிவி நொடிக்கு 15,625 வரிகளை வரையும். விஜிஏவோ குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், நொடிக்கு 31,000-க்கும் மேல் வரிகளை அனுப்பும். டிவியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் விஜிஏ-ஏவி வெறும் கேபிளும் வீண்.

வாங்க வேண்டியது கன்வெர்ட்டர் பெட்டி. கடையில் 'எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர்' என்று கேளுங்கள். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்பது அதே உருவத்தில், பெரும்பாலும் அதே நிறத்தில் இருக்கும். ஆனால் அது பழைய டிவிடி பிளேயரைப் புதிய டிவியில் இணைப்பதற்கானது. ஒரு திசைக்கான பெட்டி மறுதிசையில் வேலை செய்யாது. பெட்டியைத் திறந்து, எச்டிஎம்ஐ சாக்கெட்டின் அருகில் 'இன்புட்' என்று எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை கிடைக்கும். மற்ற ஊர்களில் செட்டாப் பாக்ஸ் ரிமோட், டிடிஎச் வயர் விற்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ சாக்கெட், கரண்ட் கொடுக்க ஒரு சின்ன யுஎஸ்பி சாக்கெட். மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. விளிம்பில் நகத்தால் தள்ளக்கூடிய பொடி ஸ்விட்ச் ஒன்று இருக்கும், ஒரு பக்கம் பேல், இன்னொரு பக்கம் என்டிஎஸ்சி. இந்த ஸ்விட்ச் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பேல் என்பது தூர்தர்ஷன் காலத்திலிருந்து இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய டிவி ஒளிபரப்பு முறை, 625 வரிகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். என்டிஎஸ்சி அமெரிக்கா, ஜப்பான் முறை, 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஸ்விட்ச் பேல் பக்கம் இருக்கட்டும்.

கூடவே ஒரு எச்டிஎம்ஐ கேபிளும், இருபுறமும் மூன்று வண்ணத் தலையுள்ள ஏவி கேபிளும் வேண்டும். ஏவி கேபிள் பழைய டிவிடி பிளேயரோடு வந்தது வீட்டில் கிடக்கும், தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் தூரம் அதிகம் என்றால் எச்டிஎம்ஐ கேபிளைக் குட்டையாக வைத்துக்கொண்டு ஏவி கேபிளை நீளமாக வாங்குவது மலிவு.

விஜிஏ மட்டும் உள்ள கம்ப்யூட்டர் என்றால் 'விஜிஏ டு ஏவி' கன்வெர்ட்டர். அதுவும் கரண்ட் கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். விஜிஏவில் சத்தம் வராது என்பதால் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து தனி வயர் போட வேண்டும்.

மாட்டும் வரிசை

ஒரு எச்சரிக்கை முதலில். டியூப் டிவியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், டிவியை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் டியூபில் தேங்கி நிற்கும். நாம் செய்யப்போகும் வேலைக்கு மூடியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

டிவி, லேப்டாப் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் மூன்றின் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரிலும் டிவியிலும் லேசாகக் கசியும் மின்சாரம் ஏவி வயரின் உலோகத் தலையில் சுரீரென்று உறுத்துவது உண்டு. எல்லாம் அணைந்திருக்கும்போது மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை, கன்வெர்ட்டரின் சிப்புக்கும் நல்லது. முடிந்தால் டிவி, சார்ஜர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். இல்லாவிட்டால் திரையில் பட்டைபட்டையாக நிழல் ஏறி இறங்கும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும்.

இப்போது ஏவி கேபிளின் ஒரு முனையை கன்வெர்ட்டரில் வண்ணத்துக்கு வண்ணம் சொருகுங்கள். மறுமுனையை டிவியின் ஏவி இன்னில். தலையை லேசாகத் திருகியபடி அழுத்தினால் முழுதாக உள்ளே போகும். பல வருடம் பயன்படுத்தாத சாக்கெட்டில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தால், சொருகிய தலையை நாலைந்து முறை இப்படியும் அப்படியும் திருப்பினாலே தேய்ந்து சுத்தமாகிவிடும். பிறகு எச்டிஎம்ஐ கேபிளை கன்வெர்ட்டரிலும் லேப்டாப்பிலும் மாட்டுங்கள். கடைசியாக கன்வெர்ட்டருக்குக் கரண்ட். அதோடு வரும் யுஎஸ்பி வயரை லேப்டாப்பிலேயே சொருகலாம், ஆனால் ஒரு பழைய போன் சார்ஜரில் சொருகுவதையே நான் பரிந்துரைப்பேன். எச்டிஎம்ஐ சாக்கெட்டிலிருந்தே கொஞ்சம் கரண்ட் வருவதால் யுஎஸ்பி வயர் இல்லாமலும் சில பெட்டிகளில் விளக்கு எரியும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், படம் விட்டுவிட்டு வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

டிவியைப் போடுங்கள். ரிமோட்டில் 'ஏவி' அல்லது 'டிவி/ஏவி' என்ற பட்டனை அழுத்துங்கள். சில ரிமோட்டில் அது 'சோர்ஸ்' என்றோ, சதுரத்துக்குள் அம்பு நுழையும் படமாகவோ இருக்கும். ரிமோட் தொலைந்துபோயிருந்தால் டிவியின் முன்பக்கப் பட்டனில் சேனலைக் குறைத்துக்கொண்டே போங்கள். பல பெட்டிகளில் 0 அல்லது 1-க்குக் கீழே ஏவி வரும். இரண்டு ஏவி இருந்தால் இரண்டையும் பாருங்கள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்தால், லேப்டாப் படம் வருவதற்கு முன்பே திரை நீலமாகவோ கறுப்பாகவோ மாறி, பழைய பொரிப்பொரிப் புள்ளிகள் நின்றுபோகும். அது நல்ல அறிகுறி.

செட்டாப் பாக்ஸும் அதே ஒரே ஏவியில்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் வயரைப் பிடுங்கி மாட்ட வேண்டாம். 'ஏவி செலக்டர்' என்று ஒரு பெட்டி கிடைக்கும். இரண்டு மூன்று கருவிகளை அதில் மாட்டிவிட்டு, பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் செய்ய வேண்டியது

விண்டோஸ் கீயை அழுத்தியபடி பி எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வுகள் வரும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டு திரையிலும் ஒரே படம். ஆரம்பத்தில் இதைத் தேர்ந்தெடுங்கள், டிவியில் எழுத்து தெரியாவிட்டாலும் லேப்டாப் திரையைப் பார்த்து வேலை செய்யலாம். எல்லாம் சரியான பிறகு 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி'க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் டிவிக்கு ஏற்ற அளவை லேப்டாப் தாராளமாகக் கொடுக்கும்.

அடுத்து டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போய் ரெசல்யூஷனை, அதாவது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற அளவை, குறையுங்கள். கன்வெர்ட்டர் 1080 வரை ஏற்றுக்கொள்ளும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஏற்றுக்கொள்ளும், ஆனால் டிவியில் தெரிவது அதிகபட்சம் 576 வரிகள்தான். 1080 வரிகளை 576-க்குள் நசுக்கினால் பன்னிரண்டு புள்ளி உயரமுள்ள எழுத்து ஆறு வரிக்குள் அடங்க வேண்டியிருக்கும், யாராலும் படிக்க முடியாது. 800x600 அல்லது 1024x768 பட்டியலில் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் 1280x720. அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'க்குள் ரெஃப்ரெஷ் ரேட் 50 என்று ஒரு தேர்வு கிடைத்தால் அதைப் போடுங்கள். பேல் டிவி நொடிக்கு 50 முறை திரையைத் தொடுவதால் இரண்டும் ஒத்துப்போகும், ஓடும் காட்சிகள் உதறாது.

திரையின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரியும். கீழே இருக்கும் டாஸ்க்பார் பாதியாகவோ முழுதாகவோ காணாமல் போகலாம். இது கோளாறு அல்ல. டியூப் டிவிகள் படத்தைச் சட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரையும்படி செய்யப்பட்டவை. படம் பார்ப்பதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. தொந்தரவாக இருந்தால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா என உங்கள் லேப்டாப்பில் எது இருக்கிறதோ அதன் கிராபிக்ஸ் கன்ட்ரோல் பக்கத்தில் 'ஸ்கேலிங்' அல்லது 'அண்டர்ஸ்கேன்' என்ற தேர்வில் படத்தைச் சுருக்கலாம். மேக்கில் டிஸ்ப்ளே அமைப்பிலேயே அண்டர்ஸ்கேன் இழுவை இருக்கும்.

எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இணைப்பு சரியாகி, படமும் வந்து, ஆனால் ஆட்கள் நீட்டி இழுத்தது போலத் தெரிய, 'பழைய டிவி அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

டியூப் டிவியின் திரை 4:3. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. லேப்டாப் அனுப்பும் 1280x720 படம் 16:9, அகலமானது. கன்வெர்ட்டர் அந்த அகலப் படத்தை இருபுறமும் அமுக்கித் திரை முழுவதும் நிரப்பிவிடும். அதனால்தான் முகம் ஒல்லியாகிறது. 1024x768-ஐ உங்கள் கன்வெர்ட்டர் ஒழுங்காக ஏற்றுக்கொண்டால் அந்த அளவே 4:3 என்பதால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், வீடியோ ஓட்டும் மென்பொருளான விஎல்சி பிளேயரில் சரிசெய்யலாம். படம் ஓடும்போது 'வீடியோ' மெனுவில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' போங்கள். ஏ எழுத்தைத் தட்டினாலும் வரிசையாக மாறும். பழைய 4:3 படம் என்றால் 16:9-ஐத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், கவலைப்படாதீர்கள், கன்வெர்ட்டர் அமுக்கியதும் டிவியில் சரியான முகம் வரும். யூடியூபிலிருந்து எடுத்தது போன்ற அகலமான வீடியோ என்றால் 2.35:1 அல்லது 2.39:1. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், உருவங்கள் சரியாக இருக்கும்.

தமிழில் சினிமாஸ்கோப் 1973-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கறுப்பு-வெள்ளைப் படங்களின் சட்டம் இந்தத் திரையோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். இன்றைய அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பார்க்கும் அந்தப் படங்களை, டியூப் டிவியில் திரை முழுக்கப் பார்க்கலாம். பிக்சர் டியூபின் கறுப்பும் இருட்டும் அவற்றுக்கு அழகாக இருக்கும். இந்த வேலையெல்லாம் செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

எழுத்து

டியூப் டிவியில் லெட்டர் டைப் அடிக்கவோ எக்செல் பார்க்கவோ எண்ண வேண்டாம். மெல்லிய கிடைக்கோடுகள் துடித்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் டிவி ஒரு தடவை ஒற்றைப்படை வரிகளையும் அடுத்த தடவை இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி வரைகிறது. கண் சீக்கிரம் வலிக்கும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல். எழுத்து சின்னதாக இருந்தால் முதலில் மறைவது புள்ளிதான். 'க்' எது 'க' எது என்று தெரியாது. சப்டைட்டில் பார்ப்பவர்கள் விஎல்சியில் 'பிரிஃபரன்ஸ்' பக்கத்தில் சப்டைட்டில் எழுத்தளவைப் பெரிதாக்கி, கறுப்பு விளிம்பைத் தடிமனாக வையுங்கள். பிரவுசரில் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பக்கம் பெரிதாகும். யூடியூபில் எஃப் எழுத்தை அழுத்தினால் வீடியோ முழுத்திரைக்கு வரும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' 150 சதவீதம் வைத்தால் ஐகான்களும் கண்ணில் படும்.

குழந்தைகளுக்குப் பாட வீடியோ போடுவதென்றால் கரும்பலகையில் பெரிதாக எழுதிச் சொல்லித்தரும் வீடியோக்கள் நன்றாகத் தெரியும். நெருக்கமான பவர்பாயிண்ட் பக்கங்கள் தெரியாது.

சத்தம்

எச்டிஎம்ஐ மாட்டியதும் சத்தம் தானாக டிவிக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தை கிளிக் செய்து, எச்டிஎம்ஐ என்று காட்டும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணப் பாட்டு கேட்கிறது, சில சினிமா ஃபைலில் மட்டும் சத்தம் இல்லை என்றால், அந்த ஃபைலின் டால்பி சத்தம் பிரிக்கப்படாமல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போகிறது, அதற்கு அது புரியாது. விஎல்சியின் ஆடியோ மெனுவில் 'ஸ்டீரியோ' என்று மாற்றிப் பாருங்கள்.

டிவியில் வெள்ளை மட்டும் இருக்கிறது, சிவப்பு இல்லை என்றால் இடது பக்கச் சத்தம் மட்டுமே கேட்கும். ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்செசிபிலிட்டி', அதற்குள் 'ஆடியோ', அதற்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து வரும். சிவப்புத் தலையை எங்கும் சொருகாமல் தொங்கவிடுங்கள், ஆனால் மற்ற உலோகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் சரியில்லையா

படம் வருகிறது, ஆனால் கறுப்பு-வெள்ளையாக வருகிறது, அல்லது மேலே மேலே உருண்டுகொண்டே போகிறது: கன்வெர்ட்டரின் பேல் ஸ்விட்சை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். டிவியின் மெனுவில் 'கலர் சிஸ்டம்' இருந்தால் 'ஆட்டோ' வையுங்கள். சில கன்வெர்ட்டர்களில் ஸ்விட்சை மாற்றியபின் கரண்ட் வயரைப் பிடுங்கி மாட்டினால்தான் மாற்றம் தெரியும். கலர் வராமல் ஒரே சாம்பல் நிறமாக மங்கலாகத் தெரிந்தால் மஞ்சள் தலை காம்பொனென்ட்டின் பச்சை சாக்கெட்டில் போயிருக்கலாம். ஸ்பீக்கரில் கர்ரென்று சத்தம் மட்டும் வந்து திரை காலியாக இருந்தால் மஞ்சளும் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன.

லேப்டாப் எதையுமே கண்டுகொள்ளவில்லை என்றால் கன்வெர்ட்டரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வேறு எச்டிஎம்ஐ கேபிள். அதுவும் சரி என்றால் அதே கன்வெர்ட்டரில் செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐயைச் சொருகிப் பாருங்கள், கோளாறு எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

யூடியூப் வருகிறது, காசு கட்டிய ஓடிடி படம் மட்டும் கறுப்புத் திரையாக இருக்கிறதா? அவர்களில் பலர் எச்டிஎம்ஐ வழியே காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு போட்டிருக்கிறார்கள். எதிர்முனையில் அந்தப் பூட்டுக்கு ஒத்துழைக்கும் கருவி இல்லையென்றால் படத்தை அனுப்ப மாட்டார்கள். எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை.

ஏவியே இல்லாத டிவியும், முதல் தலைமுறை எல்சிடியும்

திருகு வைத்துச் சேனல் பிடிக்கும் பழைய பெட்டிகளில் ஆன்டெனா வழி மட்டும்தான் இருக்கும். அதற்கு ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற இன்னொரு பெட்டி தேவை. கன்வெர்ட்டரின் மஞ்சள்-வெள்ளையை அதில் சொருகி, அதிலிருந்து ஆன்டெனா வயரை டிவிக்குக் கொடுக்க வேண்டும். அது ஒரு சின்ன டிவி நிலையம் போல ஒரு சேனலில் ஒளிபரப்பும். டிவியில் அந்தச் சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாடுலேட்டர் பேல் முறைக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். முறை மாறினால் படம் வந்தாலும் சத்தம் வராது. வெளியூர்களில் முன்பு கேபிள் நடத்தியவர்களிடம் இந்தப் பெட்டி பழையது கிடைப்பதுண்டு. படம் ஏவியைவிட இன்னும் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் ஓடும்.

2005-க்குப் பிறகு வந்த எல்சிடி டிவிகள் வேறு வகை. பின்னால் 'பிசி இன்' என்று விஜிஏ சாக்கெட்டும், பலவற்றில் எச்டிஎம்ஐயும் இருக்கும். அவற்றுக்கு கன்வெர்ட்டரே வேண்டாம். எச்டிஎம்ஐ இருந்தால் நேரடியாக மாட்டுங்கள். விஜிஏ என்றால் விஜிஏ கேபிளும், அதன் அருகிலேயே இருக்கும் ஹெட்போன் அளவு சாக்கெட்டுக்கு ஒரு ஆடியோ வயரும் போதும். ரெசல்யூஷன் 1360x768, ரெஃப்ரெஷ் 60. 'மோட் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் 1024x768-க்கு இறக்குங்கள். இந்த டிவிகளில் மஞ்சள் ஏவியும் இருக்கும், ஆனால் எச்டிஎம்ஐ இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது படத்தை நாமே கெடுப்பது.

புதிதாகவே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி டியூப் டிவியோடு நிரந்தரமாக வைக்க நினைப்பவர்கள் ராஸ்பெர்ரி பை-யைப் பாருங்கள். 2, 3, 4 ஆகிய மாடல்களில் ஹெட்போன் சாக்கெட்டிலேயே ஏவி படமும் வரும், கன்வெர்ட்டர் தேவையில்லை. 4-இல் அந்த வசதி அணைந்தே வரும், அமைப்பு ஃபைலில் போட வேண்டும். 5-இல் அந்த சாக்கெட்டையே எடுத்துவிட்டார்கள். அதற்கான வயர் வீடியோ கேமரா வயர் போலவே இருந்தாலும் உள் இணைப்பு மாறியிருக்கும். மஞ்சளில் படம் வரவில்லை என்றால் சிவப்புத் தலையை மஞ்சள் சாக்கெட்டில் சொருகிப் பாருங்கள், பலமுறை அங்கேதான் படம் இருக்கும்.

எந்த வகை டிவியானாலும் இடி மின்னல் நேரத்தில் கேபிள் வயரையும் ஆன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். முன்பு மின்னல் இறங்கினால் டிவி மட்டும் போகும். இப்போது ஏவி வயரும் எச்டிஎம்ஐயும் அதை லேப்டாப்போடு சேர்த்துக் கட்டியிருக்கின்றன.